ஒரு ஆள் சாப்பாடு

ஜனவரி 5

லாட்ஜ் அறை மூன்றாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. மகன் விசுவைக் காலையில் சேர்த்தோம். இவர் ராத்திரி பொதிகை ரயிலில் தென்காசிக்குத் திரும்பிவிட்டார். அரிசி மில் கணக்கை இரண்டு நாளுக்கு மேல் விட்டுவிட்டு இருக்க முடியாது என்றார். ஆஸ்பத்திரி வாசனை அவருக்கு ஆகாது என்பது எனக்குத் தெரியும்.

இது லாட்ஜ் மேனேஜர் எத்திராஜ் கொடுத்த டைரி. ஏதோ மருந்துக் கம்பெனியுடையது. "வச்சுக்கோம்மா, எனக்கு நாலு வந்துகீது" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் எழுதும் பழக்கம் இருந்தது. இங்கே பேச ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

விசுவுக்கு நிணநீர்க் கட்டிப் புற்று. ஒரு தடவை போய்த் திரும்ப வந்திருக்கிறது. அவன் ரத்தத்திலிருந்தே செல்லை எடுத்து உறைய வைத்திருக்கிறார்கள். கடுமையான மருந்தைக் கொடுத்து உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு, அந்தச் செல்லைத் திரும்ப ஏற்றுவார்களாம். அது பிடிக்கும்வரை அவனுக்குத் தனி அறை. சாப்பாட்டை ஆஸ்பத்திரியே கொடுத்துவிடும். சாயங்காலம் அரை மணி நேரம் கண்ணாடிக்கு வெளியே நின்று போனில் பேசலாம். மற்றபடி என்னால் அங்கே ஒரு காரியமும் இல்லை.

கீழே பொது அடுப்படி. ஆறு கேஸ் அடுப்பு. தங்கியிருக்கிற எல்லோருமே நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள். வங்காளம், அசாம், ஆந்திரா, மாலத்தீவு. ஒவ்வொரு அடுப்பிலும் ஒவ்வொரு வாசனை. ஒரு ஆளுக்குச் சோறு வைக்கலாம் என்று அரிசியைப் போட்டேன். வடித்துப் பார்த்தால் மூன்று பேர் சாப்பிடலாம். இத்தனை வயதில் எனக்கென்று மட்டும் உலை வைத்ததில்லை, கைக்கு அளவு தெரியவில்லை.

ஜனவரி 7

மிஞ்சின சோற்றை இன்று பக்கத்து அடுப்புக்காரிக்குக் கொடுத்தேன். பெயர் ஷிப்ரா. பர்த்வானிலிருந்து வந்திருக்கிறாள், அவள் வீட்டுக்காரருக்கு ஈரலில் கோளாறு. அவளுக்கு மூன்று மாதத்தில் நாலு தமிழ் வார்த்தை வந்திருக்கிறது: சோறு, தண்ணி, டாக்டர், நாளைக்கு. பதிலுக்கு ஒரு கிண்ணம் உருளைக்கிழங்குக் கறி கொடுத்தாள். கடுகெண்ணெய். முதல் வாயில் மூக்கு அடைத்துக்கொண்டது. அப்புறம் முழுவதும் சாப்பிட்டேன்.

சாயங்காலம் விசுவைப் பார்த்தேன். தலையை மழித்துவிட்டிருக்கிறார்கள். மொட்டை போட்ட மூன்று வயதில் இருந்த மாதிரி காது மட்டும் பெரிதாகத் தெரிகிறது.

"சாப்பிட்டியாலே?"

"ஆச்சும்மா. வேகவச்ச கேரட், வேகவச்ச இட்லி, வேகவச்ச ஆப்பிள். நீ என்ன சாப்பிட்ட?"

"சோறும் மோரும்."

"சென்னைக்கு வந்து சோறும் மோருமா?" என்று சிரித்தான். பிறகு போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டு சொன்னான்: "எனக்கு ஒண்ணு பண்ணுதியா? சௌகார்பேட்டைல முறுக்கு சாண்ட்விச்னு ஒண்ணு உண்டு. ரெண்டு நாளா அதே நெனப்பா இருக்கு. என்னால முடியாது. நீ போய் சாப்பிட்டுட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு சொல்லு."

"நான் எப்படிலே தனியா கடைக்குப் போய்..."

"எல்லாரும் போற இடந்தாம்மா. நாங்க வாராவாரம் போவோம்."

நாங்க என்றால் யாரென்று கேட்டேன். ஃப்ரெண்ட்ஸ் என்றான். கிருமி தொற்றிவிடும் என்று அவர்களை இங்கே வர வேண்டாமெனச் சொல்லியிருக்கிறானாம். சரிதான்.

ஜனவரி 8

பஸ் ஸ்டாப்வரை போனேன். எந்த பஸ்ஸில் ஏறுவது, இறங்கிய பின் யாரிடம் கேட்பது, நான் பாட்டுக்குத் தெருவில் நின்று தின்றால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள். திரும்பி வந்து மோர் சாதம் சாப்பிட்டேன்.

சாயங்காலம் அவன் முகத்தைப் பார்த்ததும் போகவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

"போனேன்லே. நல்லாத்தான் இருந்துச்சு."

"எப்படி இருந்துச்சு, சொல்லு சொல்லு."

"ரெண்டு ரொட்டி. நடுவுல முறுக்கை வச்சு, சட்னி தடவி இலைல குடுத்தான்."

அவன் என்னையே பார்த்தான். தோள் குலுங்கியது. எனக்கு ஒரு நொடி பயமாகிவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, சிரிக்கிறான்.

"அம்மா! அதுல ரொட்டியே கிடையாதும்மா! முறுக்குதான் ரொட்டி!"

நர்ஸ் வந்து என்னவென்று எட்டிப் பார்த்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தபின் அவன் இப்படிக் குலுங்கிச் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

"நாளைக்கு நெசமாவே போம்மா" என்றான்.

ஜனவரி 9

போனேன்.

ஷேர் ஆட்டோவில் சென்ட்ரல். அங்கிருந்து விசாரித்து விசாரித்து நடந்தேன். சந்துகள் எல்லாம் பூட்டுக் கடையும் பாத்திரக் கடையும் புடவை மூட்டையும். எண்ணெய்ச் சட்டியில் ஜிலேபி மிதக்கிறது. பாதிப் பேச்சு இந்தி, பாதி தெலுங்கு. கடை என்று சொல்ல முடியாது, ஒரு கதவு அகலம். மார்வாடி ஒருவர் நல்ல தமிழில், "அம்மா, காரம் ஜாஸ்தியா, கம்மியா?" என்று கேட்டார்.

உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன முறுக்கு. அதன் மேல் பச்சைச் சட்னி, வெள்ளரி, தக்காளி, வெங்காயம், ஏதோ ஒரு பொடி. மேலே இன்னொரு முறுக்கு. ஒரே வாயில் போட வேண்டும். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு போட்டேன். சட்னி ஊறுவதற்கு முன்னால் முறுக்கு நொறுங்குகிறது. முதலில் உப்பு, அப்புறம் குளிர்ச்சி, எல்லாம் விழுங்கினபின் காரம். கண்ணில் நீர் வந்தது. பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு பெண் சாவகாசமாக நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

விசு ஒவ்வொன்றாகக் கேட்டான். முதலில் புளிப்பா காரமா, தக்காளி குளிர்ந்திருந்ததா, கடைசியில் நாக்கில் என்ன நின்றது. சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக்கொண்டான்.

இரண்டாவது பிளேட் வாங்கியதை அவனிடம் சொல்லவில்லை.

ஜனவரி 10

இவர் போன் செய்தார். "பெருங்காயம் எங்க இருக்கு?" இரண்டாம் தட்டு, நீல மூடி டப்பா என்றேன். "சாப்பிட்டாச்சா?" ஆச்சு. "வைக்கட்டா?" வையுங்க.

ஜனவரி 12

மருந்து இன்றோடு முடிந்தது. விசு இரண்டு தடவை வாந்தி எடுத்தான் என்று நர்ஸ் சொன்னாள். அப்படியும் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டான், "அத்தோ சாப்பிட்டியா?"

நேற்றே சொல்லியிருந்தான். பாரிமுனையில் பீச் ஸ்டேஷன் பக்கம் வரிசையாகத் தள்ளுவண்டிகள். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடாம். முட்டை போடாமல் கேள், மற்றதெல்லாம் உனக்கு ஆகும் என்று சொல்லி அனுப்பினான்.

வண்டிக்காரப் பையனுக்கு இவன் வயதுதான் இருக்கும். ஆரஞ்சு நிற நூடுல்ஸை அள்ளிப் போட்டு, கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்ப்பொடி, நொறுக்கின தட்டை எல்லாம் தூவி, கையாலேயே பிசைந்து கொடுத்தான். தொட்டுக்கொள்ள வாழைத்தண்டு சூப். தீரத் தீரக் கேட்காமலே ஊற்றுகிறான். புளியோதரையைக் கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ கேள்விப்பட்டுச் செய்த மாதிரி இருந்தது. இதை அப்படியே விசுவிடம் சொன்னேன். ரொம்ப ரசித்தான்.

வண்டிக்காரனிடம் என் மொபைலில் இருந்த விசுவின் படத்தைக் காட்டினேன். "இவன் இங்க வருவான். என் மகன்."

"அட, கண்ணாடிக்கார அண்ணன்! சனிக்கிழமை சனிக்கிழமை வருவாரு. அதோ அந்த போஸ்ட்டாண்ட நிப்பாரு. தனியா நின்னு சாப்ட்டுப் போயிடுவாரு."

"ஃப்ரெண்ட்ஸோட வருவானே?"

"இல்லம்மா. எப்பவும் தனியாத்தான்."

ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்து நிற்கிற இடம். அவனுக்கு யாரென்று நினைவிருக்கும்? வேறு யாரையோ சொல்கிறான். போன ஆவணியில் விசுவின் பிறந்தநாளுக்குப் பத்துப் பேர் சேர்ந்து கேக் வெட்டி முகத்தில் பூசிவிட்டார்கள் என்று அவனே போனில் சொன்னான். பின்னால் பாத்திரச் சத்தமும் பேச்சுச் சத்தமும் என் காதிலேயே கேட்டது. பக்கத்து வீட்டு கோமுவிடம்கூட நான் சொன்னேன்.

ஜனவரி 14

நேற்றுச் செல்லை ஏற்றிவிட்டார்கள். ஒரு சின்னப் பை. இவ்வளவுதானா என்று இருந்தது.

இன்று பொங்கல். சின்னக் குக்கரில் ஒரு கைப்பிடி அரிசி போட்டு வெல்லம் சேர்த்துக் கிண்டினேன். இந்தத் தடவை அளவு சரியாக வந்தது. பக்கத்து அடுப்பில் ஷிப்ராவும் அரிசி மாவும் வெல்லமும் தேங்காயும் வைத்துக்கொண்டு ஏதோ உருட்டிக்கொண்டிருந்தாள். நான் அவள் சட்டியைப் பார்த்தேன், அவள் என் குக்கரைப் பார்த்தாள். அவர்களுக்கும் இன்று பண்டிகையாம். பிட்டே என்றாள். நம்ம கொழுக்கட்டைதான். அவள் இரண்டு பிட்டே, நான் ஒரு கிண்ணம் பொங்கல் என்று மாற்றிக்கொண்டோம்.

அவள் வீட்டுக்காரருக்கு இனிப்பு ஆகாது. எனக்கும் கொடுக்க ஆள் இல்லை. அடுப்படியிலேயே நின்று தின்று முடித்தோம். அவள் எதையோ நெடுநேரம் சொன்னாள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. நானும் தலையை ஆட்டி, விசு குழந்தையில் வெல்லத்தைத் திருடித் தின்றதைத் தமிழில் சொன்னேன். அவளும் தலையாட்டினாள்.

ஜனவரி 16

விசுவுக்கு வாய் புண்ணாகிவிட்டது. எச்சில் விழுங்க முடியவில்லை. அதிகம் பேசாதே என்றேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு, சொல் என்று கையைக் காட்டினான்.

இன்று திருவல்லிக்கேணி. ஒரு பாய் கடை. அங்கே போகச் சொன்னபோதே, "நான் பிரியாணி சாப்பிடுவேன். உனக்குத் தெரியும்லா?" என்று கேட்டான். தெரியுமே என்றேன். தெரியாது. "அப்பாட்ட சொல்லாத" என்றான். நான் எதைத்தான் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

உள்ளே நுழைந்ததும் கறி வாசனையில் கொஞ்சம் தடுமாறினேன். கல்லாவில் இருந்த பெரியவர், "என்ன வேணும் தங்கச்சி?" என்றார். பிரெட் அல்வா மட்டும் என்றேன். ஒன்றும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. மின்விசிறிக்குக் கீழே ஓர் இடத்தைத் துடைத்துக் கொடுக்கச் சொன்னார். நெய்யில் ரொட்டி கரைந்து பாலோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டு, மேலே முந்திரி. சூடு ஆறாமல் வந்தது. முன்னால் வைத்துவிட்டு, தண்ணீர் டம்ளரையும் நிரப்பிவிட்டுப் போனார்கள். சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் என்னை எதற்கும் கூப்பிடவில்லை. யாருக்கும் என்னிடமிருந்து எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கொஞ்ச நேரம் கூடுதலாக உட்கார்ந்திருந்தேன். பிள்ளை அங்கே எச்சில் விழுங்க முடியாமல் கிடக்கிறான் என்ற நினைப்பு வந்ததும் எழுந்துவிட்டேன்.

ஜனவரி 18

விசு தங்கியிருந்த மேன்ஷனுக்கு எதிரே ஒரு மெஸ். சென்னையில் இருந்த நாலு வருஷமும் மதியச் சாப்பாடோ ராத்திரிச் சாப்பாடோ அங்கேதான். அதை அவன் போகச் சொல்லவில்லை. நானாகத்தான் போனேன். அவன் அன்றாடம் எதைச் சாப்பிட்டான் என்று பார்க்க ஆசை.

நீளமான பெஞ்சுகள். எல்லாம் ஆண்கள். சட்டை கசங்கின பையன்கள் மொபைலைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார்கள். பரிமாறுகிறவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், தோளில் துண்டு. சீனிச்சாமி என்று கூப்பிட்டார்கள். எனக்கு ஓரத்து பெஞ்சில் இலை போட்டார். கத்திரிக்காய்க் கூட்டு, புடலங்காய்ப் பொரியல். ரசம் நன்றாக இருந்தது.

படத்தைக் காட்டினேன்.

"அட, விசு தம்பி! நீங்க தம்பியோட அம்மாவா? எங்கம்மா, ரெண்டு மூணு மாசமா ஆளையே காணோம்? ஊருக்கு வந்துட்டாரா?"

உடம்பு சரியில்லை என்றேன். என்ன, எங்கே என்று கேட்டார். சொன்னேன். கையில் இருந்த ரச வாளியைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டார்.

"நல்ல பிள்ளைம்மா. ஒரு சத்தம் கிடையாது. இந்தா, நீங்க உக்காந்திருக்கிற இடந்தான் அவரு இடம். கூட்டமில்லாத நேரமாப் பாத்து வருவாரு. போன வருசம் ஒரு நா மட்டும் நல்ல கூட்டத்துல வந்தாரு. உக்காந்து போன் பேசிக்கிட்டே இருந்தாரு. வச்சப்புறம் என்னைக் கூப்பிட்டு, அண்ணே இன்னைக்கு எனக்குப் பொறந்தநாளுன்னாரு. அப்படியா தம்பின்னு நாந்தான் உள்ள போயி ஒரு கரண்டி கேசரி கொண்டாந்து வச்சேன்."

கேசரியில் முந்திரி போட்டிருந்ததா என்று கேட்டேன்.

"போடாம இருப்பமாம்மா" என்றார்.

மோர்ச் சோறு கொஞ்சம் மிஞ்சிவிட்டது. இலையை மூடினேன். வெளியே வரும்போது எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார். லாட்ஜ் பெயரைச் சொன்னேன்.

சாப்பாட்டு நேரத்தில் அந்த மெஸ்ஸில் பாத்திரச் சத்தமும் பேச்சுச் சத்தமும் நல்ல சத்தம்.

ஜனவரி 19

"இன்னைக்கு எங்க போன?" என்றான். குரல் நூல் மாதிரி வருகிறது.

"எங்கயும் போகல. நேத்து உன் மெஸ்ஸுக்குப் போனேன். கத்திரிக்கா கூட்டு."

"சீனியண்ணன் இருந்தாரா?"

"இருந்தாரு. உன்னை விசாரிச்சாரு."

"வேற என்ன சொன்னாரு?"

"நல்ல பிள்ளைன்னு சொன்னாரு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் போனைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பேச்சு முடிந்துவிட்டது என்று நான் நினைத்தபோது திரும்ப எடுத்தான்.

"இனிமே எங்கயும் போகாண்டாம்மா. உனக்கும் அலைச்சல்."

சரி என்றேன்.

ஜனவரி 20

காய்ச்சல். பார்க்க விடவில்லை.

ஜனவரி 21

இன்றும் விடவில்லை. வெள்ளணுக்கள் பூச்சியமாக இருக்கும்போது இப்படி வருவதுதான், மருந்து போகிறது என்று டாக்டர் சொன்னார். அடுப்படிக்கு இறங்கவில்லை. ஷிப்ரா ஒரு தட்டை மூடி எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தாள். "சோறு" என்றாள். நான் வாங்காமல் நின்றேன். கட்டிலில் வைத்துவிட்டு, "நாளைக்கு, டாக்டர், நாளைக்கு" என்று என் கையைப் பிடித்துச் சொன்னாள்.

ஜனவரி 22

103. இவர் போன் செய்தார். சொன்னேன். இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது.

"எத்தனை விசில் விட்டீங்க?"

"அஞ்சு."

"மூணு போதும்."

எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். அப்புறமும் ரொம்ப நேரம் போனை வைக்கவில்லை.

ஜனவரி 23

காய்ச்சல் விடவில்லை.

ஜனவரி 24

ஷிப்ரா ஊருக்குப் போகிறாள். டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது என்று எத்திராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நல்ல செய்திதான். அவள் வீட்டுக்காரரை ஆம்புலன்ஸிலேயே ரயிலடிக்குக் கொண்டுபோகிறார்கள். அரிசி, பருப்பு, போன வாரம் பிரித்த கடுகெண்ணெய்ப் பாட்டில் எல்லாவற்றையும் என் அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். வழிக்கு ஏதாவது கட்டிக்கொள், இரண்டு நாள் பயணம் இருக்கிறதே என்று சைகையில் சொன்னேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். அவள் மட்டும் தின்ன என்ன கட்டுவது என்று நினைத்தாளோ என்னவோ.

பொங்கலன்று போல எதையோ நெடுநேரம் சொன்னாள். இன்று எனக்குத் தலையாட்ட வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது அந்த அடுப்பில் ஒரு மாலத்தீவுக்காரர் மீன் வேகவைக்கிறார்.

ஜனவரி 26

காய்ச்சல் இறங்கிவிட்டது. வெள்ளணு முந்நூறு. செல் பிடித்துக்கொண்டது என்று டாக்டர் சொன்னார். இவருக்குப் போன் செய்தேன். "சரி" என்றார். குரல் சரியாக இல்லை. நாளைக்கு ரயிலுக்கு டிக்கெட் இருக்கிறதா பார்க்கிறேன் என்றார். டிஸ்சார்ஜ் ஆனபின் வந்தால் போதும், அதுவரை வந்தும் கண்ணாடியைத்தான் பார்க்க வேண்டும் என்றேன்.

ஜனவரி 27

ஒரு வாரத்துக்குப் பின் பார்த்தேன். பாதி ஆளாகிவிட்டான். ஆனால் வாய்ப்புண் ஆறிக்கொண்டு வருகிறது, பேசுகிறான்.

"எங்கெல்லாம் போன?"

"நீதான போகாண்டாம்னு சொன்ன."

சிரித்தான். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான்: "சீனியண்ணன் கேசரி வச்சதைச் சொல்லியிருப்பாரே."

"சொன்னாரு."

"உனக்கு வருத்தமா இருக்கும்னுதாம்மா அன்னைக்கு அப்படிச் சொன்னேன். கோவமா?"

"எதுக்குலே கோவம்? நீ நின்னு சாப்பிட்ட இடத்துல எல்லாம் நானும் நின்னு சாப்பிட்டாச்சு. என் பக்கத்துலயும் யாரும் இல்ல. நல்லாத்தான இருந்துச்சு."

"நல்லாத்தான் இருக்கும்" என்றான். "சாப்பிட்டுட்டு அறைக்கு வந்தா, இன்னது சாப்பிட்டேன்னு சொல்ல ஆள் இல்லம்மா. அதான். மத்தபடி நல்லாத்தான் இருக்கும்."

நர்ஸ் நேரமாகிவிட்டது என்று ஜாடை காட்டினாள். இன்னும் ஐந்து நிமிஷம் என்று நான் கேட்டேன். நான் இங்கே யாரிடமும் எதையும் கேட்டதில்லை. சரி என்று போய்விட்டாள். இரண்டாவது பிளேட் முறுக்கு சாண்ட்விச் வாங்கியதைச் சொன்னேன். அவன் அந்த மார்வாடி காரத்தைக் கூட்டிப் போட்டுவிட்டதில் தான் விக்கியதைச் சொன்னான். ஐந்து நிமிஷம் பத்தாயிற்று.

ஜனவரி 30

கவுன்ட் ஏறிக்கொண்டிருக்கிறது. அறையை டெட்டால் போட்டு இரண்டு தடவை கழுவினேன். ஒரு ஆளுக்கு அளவாக வைக்கப் பழகிவிட்டேன். இனி இரண்டு ஆளுக்கு.

பிப்ரவரி 2

விசுவை லாட்ஜுக்குக் கூட்டி வந்துவிட்டேன். மூன்று மாடியும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினான். இன்னும் ஒரு மாதம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வெளிச்சாப்பாடு கூடவே கூடாது. இட்லி கொடுத்தேன். எல்லாம் மண்ணு மாதிரி இருக்கும்மா, நாக்கு இன்னும் வரவில்லை என்றான். வரும் என்றேன்.

கட்டிலில் அவன், தரையில் நான். "நீ எப்பச் சாப்பிடுவ?" என்றான். அப்புறம் என்றேன். என் தட்டு வரும்வரை அவனும் கை வைக்கவில்லை.

பிப்ரவரி 4

இவர் சனிக்கிழமை வருகிறார். இரண்டு நாளைக்கு இல்லை, பத்து நாள் மில்லில் லீவு சொல்லியிருக்கிறாராம். என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். மூன்று பேருக்கு உலை வைக்க வேண்டும்.

பிப்ரவரி 5

பகல் பதினோரு மணி இருக்கும். கதவைத் தட்டினார்கள். எத்திராஜ் என்று நினைத்துத் திறந்தேன். தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டு, தலையை வாரி, யாரோ நின்றிருந்தார். தோளில் துண்டு இல்லாததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"நாந்தாம்மா, சீனிச்சாமி. இன்னைக்கு எனக்கு வார லீவு. ஆஸ்பத்திரில போய் விசாரிச்சேன். இங்க வந்துட்டாருன்னு சொன்னாங்க."

கட்டிலில் இருந்து விசு எழுந்து உட்கார்ந்தான். "அண்ணே!"

அவர் உள்ளே வரவில்லை. "இருக்கட்டும் தம்பி, நான் இப்படியே நிக்கிறேன். கிருமி கிருமிங்குறாங்க." வாசற்படிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. "எதுவும் எடுத்துட்டு வரக் கூடாதாமே, கேட்டுக்கிட்டுத்தான் வந்தேன்" என்று வெறும் கையை விரித்துக் காட்டினார். நான் ஒரு முகக்கவசத்தை எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டார். விசுவும் போட்டுக்கொண்டான்.

அதன் பிறகு என்ன பேசுவதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. உடம்பு எப்படித் தம்பி? பரவாயில்லண்ணே. மெஸ் எப்படிப் போகுதுண்ணே? போகுது தம்பி. நாலு வருஷம் தினமும் பார்த்திருக்கிறார்கள். சோறு, குழம்பு, போதும், இன்னும் கொஞ்சம் என்பதற்கு மேல் பேசியே இருக்கமாட்டார்கள். சீனிச்சாமி கதவுச் சட்டத்தைத் தடவிக்கொண்டு நின்றார். கிளம்பிவிடுவாரோ என்று எனக்குப் பதற்றமாக இருந்தது.

விசுதான் ஆரம்பித்தான். "இன்னைக்கு என்னண்ணே?"

"இன்னைக்கு எனக்கு லீவுல்ல" என்றவர் சட்டென்று நிமிர்ந்தார். குரல் மாறிவிட்டது. "சாம்பார், வத்தக்குழம்பு, தக்காளி ரசம், கோஸ் பொரியல், பூசணிக்கா கூட்டு, அப்பளம், மோரு. தனியா வேணும்னா வாழைப்பூ வடை இருக்கு. என்ன கொண்டாரட்டும்?"

மொட்டைத் தலையும் முகக்கவசமுமாக விசு கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். "சாம்பார் வேண்டாம்ணே. வத்தக்குழம்புதான் முதல்ல."

"எண்ணெ ஊத்தவா?"

"ஊத்துங்க. பொரியல் கொஞ்சம் நிறைய."

"அப்பளம் ரெண்டா வச்சிருக்கேன்" என்றார் சீனிச்சாமி. வெறும் கை இல்லாத இலையின் பக்கம் குனிந்து நிமிர்ந்தது. விசுவின் கண்கள் சிரித்துக்கொண்டிருந்தன.

அவர் என் பக்கம் திரும்பினார். "அம்மாவுக்கு?"

நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். எனக்கா என்று கேட்டேன். ஆமா, சொல்லுங்க என்றார். எனக்கு என்ன வேண்டும் என்று உடனே சொல்லத் தெரியவில்லை. இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள். விசு கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். போய் உட்கார்ந்தேன்.

"வடை" என்றேன். "ரெண்டு. சூடா இருந்தா."

"இப்பத்தாம்மா சட்டியில இருந்து எடுத்தோம்" என்றார்.